தேசம்மாவுக்கு ஒரு ஊர் பார்த்தோம்

வீட்டு புரோக்கர் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது நாக்கு. வீடு தேடி அலைந்தவர்களுக்கும், குடும்பத்தோடு போய் வீடு பார்த்துவிட்டுச் சண்டையோடு திரும்பியவர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். பழவேற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பேருக்குத்தான். காதர் பாய் என்று விசாரித்து வந்தால் பொன்னேரி, மீஞ்சூர் வரைக்கும் கூட்டிப் போய் வீடு காட்டுவேன். வருகிறவர்கள் முக்கால்வாசி வேலையெல்லாம் முடித்துவிட்டு, மிச்ச காலத்தை நிம்மதியாகக் கழிக்க நல்ல ஊர் எது என்று கேட்பவர்கள். அது தெரிந்தால் நான் ஏன் சார் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

பூநாரை பார்க்க வந்தவர்

தாம்பரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசர் மனைவியோடு வந்தார். தை மாசம், ஏரி முழுக்கப் பூநாரை. மனுஷன் மயங்கிவிட்டார். ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டைக் காட்டினேன். மொட்டை மாடியில் நாற்காலி எங்கே போடுவது என்பது வரைக்கும் முடிவு பண்ணிவிட்டார். அந்தம்மா மட்டும் மாடிப்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எலும்பு டாக்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. தூரம்தான்மா என்றேன்.

ஆபீசருக்குக் கோபம். இங்கே வந்தால் வலியே வராது, காற்று அப்படி என்று என் வேலையை அவரே செய்ய ஆரம்பித்தார். அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவருக்குப் பறவை தெரியுது, எனக்கு முட்டி தெரியுது. நாங்க தாம்பரத்துலயே இருக்கோம்பா."

காத்து வரல, தண்ணி உப்பு

முனுசாமி அண்ணன் பசியாவரத்து மீனவர். பசியாவரம் ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. அவர் மனைவி தேசம்மாக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். படகு ஏறி, அப்புறம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐப்பசியில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் ரெண்டு நாள் படகு எடுக்கவே முடியவில்லை. அக்காவுக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, கரைக்கு உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே குடி வந்துவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணனோ நான் காட்டிய வீட்டையெல்லாம் தள்ளினார். பொன்னேரியில் காத்து வரல என்றார். மீஞ்சூரில் தண்ணி உப்பு என்றார். ஆயுசு பூரா உப்புத் தண்ணீரில் நின்றவர் இதைச் சொன்னபோது எனக்குக் கெட்ட கோபம் வந்தது, அவர் முகத்துக்கு நேராகவே கத்திவிட்டேன்.

விஷயம் வேறு. ஏரியில் எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். ஊரை விட்டுக் குடி போனால் அந்த வரிசையிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். தேசம்மாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அது ஊட்ல கொற தேடல பாய். ஊடு புடிச்சிட்டா பாட்டுல பேர் போய்டுமேனு பயப்படுது."

நண்டு கொண்டு போனது

கடைசியாக மீஞ்சூரில் ஒரு வீடு அமைந்தது. கீழ் வீடு காலி, மேலே வீட்டுக்கு ஓனரான ரிட்டயர்டு டீச்சரம்மா, ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. டீச்சரம்மா சுத்த சைவம். இந்த மாதிரி சங்கதியை வீடு பிடித்த பிறகுதான் சொல்வது என் வழக்கம், அன்றைக்கும் சொல்லவில்லை. தப்பு என் மேல்தான்.

பெரியவர்கள் வீட்டுக்கு முதல் தடவை வெறுங்கையோடு போகக் கூடாது என்று, அண்ணன் அன்றைக்குக் கிடைத்ததில் பெருசாக நாலு நண்டை ஒரு கூடையில் எடுத்து வந்திருந்தார். மரியாதையாக டீச்சரம்மா காலடியில் வைத்தார். ஒரு நண்டுக்குக் கட்டு அவிழ்ந்து அது நேராகப் பூஜை ரூம் பக்கம் நடந்தது. டீச்சரம்மா சோபா மேல் ஏறிவிட்டார். தேசம்மாக்கா ஓடிப்போய், ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் லபக்கென்று பிடித்தார்.

வீடு போச்சு என்று நினைத்தேன். டீச்சரம்மா சேலை விலகித் தெரிந்த அந்தப் புடைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமா என்று மட்டும் கேட்டார். மூணு வருஷம் என்றார் அக்கா. அப்புறம் டீச்சரம்மா மெதுவாகச் சோபாவை விட்டு இறங்கி அண்ணனிடம் சொன்னார்: "முதல்ல இதுங்கள தண்ணியில விட்டுட்டு வாங்க. வீடு இங்கயேதான் இருக்கும்."

பேர் எடுத்த நாள்

சாமான் ஏற்றப் பசியாவரத்துக்கு நானும் போனேன். ஊர்க்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். பேர் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள். அண்ணன் கேட்கவில்லை. என் முறை வருகிற நாளில் வலை விழாவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும், இன்னொருத்தன் குடும்பத்துக்கு ஆகட்டும் என்று, நோட்டு வைத்திருந்தவரிடம் தானே சொல்லிப் பேரை அடிக்க வைத்து, அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

படகில் அக்கா தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். வருத்தமா இல்லையாண்ணே என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"இல்லாம இருக்குமா பாய்? நாப்பது வருஷமா என் முறை என்னிக்குனு தேசம்மாதான் ஞாபகம் வச்சி என்னை எழுப்பி உட்டுது. இப்ப அதுக்கு முறை செவ்வாயும் வெள்ளியும். இனிமே நான் எழுப்பி உடறேன்."

மிச்ச காலத்துக்கு நல்ல ஊர் எது என்று இப்போது யார் வந்து கேட்டாலும், யாருக்காகக் குடி போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுத் தொலைக்கிறேன், பாதிப் பேர் அடுத்த புரோக்கரிடம் போய்விடுகிறார்கள்.