இயந்திரம் என்று நான் எழுதியவர்கள்

இணையதளங்களோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலாக நான் எழுதிய பிளகின் ஒன்று சில நூறு இணையதளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை. கம்பெனி வேலையை விட்ட பிறகு, கோயமுத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறையாவது அதற்கு ஒரு அப்டேட் கொடுப்பேன். எதை மாற்றினேன், எந்தப் பிழையைத் திருத்தினேன் என்று அதோடு நாலு வரி எழுதிப் போடுவது வழக்கம். அந்த நாலு வரியை யாரும் படிப்பதில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு அப்டேட்டில் இப்படி எழுதினேன்: "மனிதர்கள் அல்லாத பார்வைகள் இனி எண்ணிக்கையில் சேரா." இணையத்தில் தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். அவை வந்து போவதையும் என் பிளகின் ஆள் கணக்கில் சேர்த்துவிடுகிறது என்று பலர் புகார் சொல்லியிருந்தார்கள். அதற்காகச் சில விதிகள் வகுத்தேன். ஒரே இணைப்பிலிருந்து, ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே நேரத்தில் பலர் வந்து, பக்கத்தை நகர்த்தாமல் மணிக்கணக்காகத் திறந்து வைத்திருந்தால் அது இயந்திரம். சோதித்துப் பார்த்தபோது சரியாகவே வேலை செய்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

அப்டேட் போன மறுவாரம், எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாலைந்து கடிதங்கள் வந்தன. எதிர்பார்த்ததுதான். எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன். ஒரு கடிதத்துக்கு மட்டும் அப்படிப் பதில் எழுத முடியவில்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லும் போடும் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒரு தளம் வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர்களை அதில் போடுவார். கட்டம் போட்ட நோட்டில் முதலில் எழுதிப் பார்த்து, பிறகு கணினியில் ஏற்றுவாராம். எண்ணிக்கையைப் பழையபடி ஆக்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. நீக்கிய ஆட்கள் யார் என்று சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

அவருடைய அனுமதியோடு அவர் தளத்தின் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழேகாலுக்குக் கோயமுத்தூரிலிருந்து நாலு கருவிகள் வரும். நாலும் ஒரே மாதிரி டேப்லட். பதினோரு மணி வாக்கில் நாலும் போய்விடும். செவ்வாய், வியாழன் எட்டிப் பார்ப்பதில்லை. இவ்வளவு ஒழுங்காக வருவது மனிதர்களாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. போன் செய்து அவரிடம் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

"ஏனுங்க, ஒரு மெசினு எதுக்குங்க என்ற குறுக்கெழுத்த நாலு மணி நேரம் பாக்கோணும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல தளங்களைத் தொட்டுப் போகும் தானியங்கிக்கு ஒரு பக்கத்தில் சில நொடிகள் போதும். கடையில் காட்சிக்கு வைத்த டேப்லட்டுகளாக இருக்குமோ என்று நினைத்தேன். கடை எது காலை ஏழேகாலுக்குத் திறக்கிறது? போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமோ? அங்கே குறுக்கெழுத்துக்கு என்ன வேலை? சோறு வடித்துக்கொண்டே யோசித்து, ஒருநாள் குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்தேன். என் கணவர், அவர்கள் யாராயிருந்தால் உனக்கென்ன, விதி சரியாக இருக்கிறதல்லவா என்றார். விதி சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் யாரென்று தெரிய வேண்டியிருந்தது.

வந்த நேரத்தையும் இருந்த நேரத்தையும் மட்டுமே அதுவரை பார்த்திருந்தேன். பக்கத்தில் உள்ள பொத்தான்கள் எப்போது, எத்தனை முறை அழுத்தப்பட்டன என்பதையும் என் பிளகின் குறித்து வைக்கும். அதை நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்தப் புதிர்ப் பக்கத்தில் 'அழி' என்று ஒரு பொத்தான் உண்டு. எழுத்து தப்பென்றால் அதை அழுத்தி அழிக்கலாம். அந்த நாலு டேப்லட்டிலும் அந்தப் பொத்தான் மறுபடி மறுபடி அழுத்தப்பட்டிருந்தது. ஒரு எழுத்தைப் போட்டு, பத்து நிமிடம் விட்டு, அழித்து, வேறொன்று போட்டு, அதையும் அழித்திருந்தார்கள். இயந்திரம் இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

உடனே கோபிப் பெண்மணிக்குப் போன் செய்தேன். அது மனிதர்கள்தான் என்று நினைக்கிறேன், நான்தான் தப்பாக நீக்கிவிட்டேன் என்றேன். கோயமுத்தூரில் எங்கே இருக்கிறார்கள், யார் என்று என் பிளகின் சொல்லாது, சொல்லவும் கூடாது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கென்னங்க, அவிங்களயே கேட்டுப்போட்டாப் போச்சு."

வியாழக்கிழமையே புதிருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். திங்கள், புதன், வெள்ளி காலையில் நாலு டேப்லட்டில் வந்து இதை விடுவிக்கிறவர்கள் யாரென்று தெரிந்துகொள்ள ஆசை, விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்று. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. அவர் அதை அப்படியே எனக்கு அனுப்பினார். கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவிலிருந்து, அங்கே டெக்னீசியனாக இருக்கும் பெண் எழுதியிருந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரம் மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார்கள். காலை ஷிஃப்டில் பதினோரு பேர். யாரோ வாங்கிக் கொடுத்த நாலு டேப்லட் இருக்கிறது, சினிமா பார்ப்பதில் சண்டை வந்ததால் குறுக்கெழுத்துக்கு மாறினோம் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகர்த்தாமல் மணிக்கணக்காகத் திறந்து வைத்திருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும். இன்னொரு கைதான் அவர்களுக்கு.

மருத்துவமனையில் அனுமதி கேட்டு, ஒரு திங்கட்கிழமை நானும் கோபிக்காரரும் போனோம். முதல் பஸ்ஸில் வந்த அவரைக் காந்திபுரம் பஸ் நிலையத்தில் கூட்டிக்கொண்டேன். அதுவரை குரலில் மட்டும் தெரிந்தவர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. கையில் பெரிய கட்டைப்பை. தோட்டத்தில் பழுத்த கதலிப்பழம், இரண்டு சீப்பு கொண்டுவந்திருந்தார். நோயாளிகளைப் பார்க்க வெறுங்கையோடு போவது எப்படி என்றார்.

அங்கே குளிர் அதிகம். பதினோரு பேரும் போர்வைக்குள் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டேப்லட்டுகள் சக்கரம் வைத்த ஸ்டாண்டில், இரண்டு மூன்று கட்டிலுக்கு ஒன்றாக நின்றன. டெக்னீசியன் பெண் ஒவ்வொரு குறிப்பையும் சத்தமாக வாசிக்க, அவரவர் படுத்தபடி பதில் சொல்ல, கை எட்டுகிறவர் எழுத்தைத் தட்டினார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். உடனே அழி. நான் பார்த்த பொத்தான் கணக்கு கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

பழத்தைப் பார்த்ததும் டெக்னீசியன் தயங்கினார். வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம், இங்கே யாருக்கும் கொடுக்க முடியாது என்று மெல்லச் சொன்னார். கோபிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாழை போடுகிற வீட்டில் முப்பது வருடம் இருந்தும் இது தெரியவில்லையே என்று என்னிடம் வருந்தினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த, காரமடைப் பக்கத்து அம்மாள் ஒருவர் கட்டிலிலிருந்தே கூப்பிட்டார்.

"வெளிய எங்கூட்டுக்காரரு உக்காந்திருக்காருங்க. அவருக்குக் குடுங்க. எனக்குப் பதிலா அவரு தின்னட்டும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பழம் வெளியே காத்திருந்த வீட்டு ஆட்களுக்குப் போனது.

மூலைக் கட்டிலில் ஒருவர் இருந்தார். ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"எங்கள மெசினுன்னு எழுதுனது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எதை வைத்து அப்படி முடிவு செய்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோபம் இல்லை, ஆர்வம்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், இந்த விதிப்படி பார்த்தால் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓட்டுகிற ஆட்கள் எல்லோருமே மெசின்தான் என்றார். ஷிஃப்ட் தவறாமல் வருவார்கள், ஒரே மாதிரி நிற்பார்கள், சங்கு ஊதினால் ஒன்றாகப் போவார்கள். அதைக் குறித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு குறிப்பு வாசிக்கப்பட்டது. "கடலோடு ஐ சேர்ந்தால் கொறிக்கலாம், மூன்று எழுத்து." எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தமிழ் பள்ளியில் படித்ததோடு சரி. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூன்று கட்டிலிலிருந்து ஒரே நேரத்தில் கடலை என்று குரல் வந்தது. அதுவும் எங்களுக்கு ஆகாது என்று காரமடை அம்மாள் சேர்த்துக்கொண்டார். புதிரை எழுதியவர் சுவரோரம் நின்று, தன் புதிரை மற்றவர்கள் விடுவிப்பதை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் விடை எடுத்துக் கொடுக்கவில்லை. யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் புடவைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து திருத்த உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இவர்களை எத்தனை பேர் என்று எண்ணுவது? கருவி நாலு. ஆட்கள் பதினோரு பேர், டெக்னீசியனைச் சேர்த்தால் பன்னிரண்டு. இணைப்பு ஒன்று. வெளியே இருக்கும் வீட்டு ஆட்களில் இரண்டு பேர் தங்கள் போனிலும் அதே புதிரை விடுவிக்கிறார்களாம். என் பிளகினுக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. முதலில் விதியைத் தளர்த்தி ஒரு அப்டேட் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பூரிலிருந்து பனியன் வியாபாரி ஒருவர் எழுதினார். அவர் தளத்தில் ஒழிந்துபோயிருந்த தானியங்கிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவர் சொன்னதும் நியாயம். தளர்த்தியதை மறுபடி இறுக்கினேன். இப்படி மூன்று முறை ஆயிற்று.

கடைசியில் நீக்குவதையே விட்டேன். சந்தேகமான பார்வைகளைத் தனியாக ஒரு கட்டத்தில் காட்டி, அதற்கு 'யாரென்று தெரியவில்லை' என்று பெயர் வைத்தேன். அதைத் திறந்து பார்த்து, ஆள் என்றால் ஆள் பக்கமும் இயந்திரம் என்றால் அந்தப் பக்கமும் தளத்துக்காரரே தள்ளிவிடலாம். எழுதுவதற்கு நாலு வாரம் பிடித்தது. அந்த அப்டேட்டோடு போட்ட குறிப்பில், முந்தைய விதி சில உண்மையான வாசகர்களையும் விலக்கிவிட்டது, அது என் பிழை என்று எழுதினேன். பனியன் வியாபாரி நன்றி எழுதினார். மூலைக் கட்டில்காரர், குறிப்பு சரியாக இருக்கிறது என்று டெக்னீசியன் மூலம் சொல்லியனுப்பினார். எந்தக் கட்டத்தில் எத்தனை பேரைப் போட்டார் என்று கோபிக்காரரிடம் கேட்டேன். எந்தக் கட்டத்திலும் போடாமல், தன் புதிர் நோட்டில் பதினொன்று என்று கையால் எழுதி வைத்துக்கொண்டாராம்.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது தங்கள் அறிக்கையை எனக்குக் காட்டினால், முதலில் அந்தத் தெரியாதவர்கள் கட்டத்தைத்தான் திறக்கிறேன். பெரும்பாலும் அது வெறும் தானியங்கிதான். ஒரு தளத்தில் தினமும் மதியம் மூன்று மணிக்கு வந்து, ஒரே ஒரு படத்தை இருபது நிமிடம் பார்த்துவிட்டுப் போகும் ஒரு கருவி இருக்கிறது. அது யாரென்று எனக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் ஒரு காலை கோபியிலிருந்து போன் வந்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவசரத்தில் ஒரே குறிப்பை இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டாராம். "அரிசி அளக்க உதவும், இரண்டு எழுத்து" என்பது ஏழாவதுக்கும் வந்திருக்கிறது, பதினொன்றாவதுக்கும் வந்திருக்கிறது. ஏழுக்கு விடை படி. பதினொன்றுக்கு விடை மொழி, அதற்கான குறிப்பு விட்டுப்போயிற்று. டயாலிசிஸ் அறையில் அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. இது ஏதோ சூழ்ச்சி என்று ஒரு மணி நேரம் விவாதித்து, குறுக்கே வரும் சொல்லால் இரண்டாவது எழுத்து ழி என்று வருவதைப் பார்த்து, பதினொன்றுக்குப் பழைய அளவையான நாழி என்று போட்டு முடித்துவிட்டார்கள். பிறகு அருமையான புதிர் என்று பாராட்டி எழுதியும் இருக்கிறார்கள்.

தப்பைத் திருத்தினால் அவர்களுடைய விடை கெட்டுவிடும், என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். நான் என் அப்டேட்டில் எழுதுவது போல ஒரு வரி எழுதிவிடச் சொன்னேன். அன்று மதியமே புதிருக்குக் கீழே போட்டிருந்தார். பதினொன்றாவதன் குறிப்பு தவறுதலாக விட்டுப்போனது, மொழி என்பதும் சரி, நாழி என்பதும் சரி என்று.