கொடுப்புக்குள் கற்கண்டு

அன்று காலை மகளின் முகத்தை முதலில் கண்ணாடியில்தான் கண்டேன். நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கித் தோல் மினுங்கியது. அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடிக் கிடந்தது.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை அப்பா."

ஆறு வயதுப் பிள்ளை. தொட்டால் கன்னம் சுடுகிறது, நோகவில்லை என்கிறாள். வீக்கத்தை விட அந்தப் பதில்தான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

மனைவி கைக்குழந்தையோடு ஓடிவந்து பார்த்தாள். "நேற்று இவ்வளவு இல்லையப்பா. சோத்தைக் கொடுப்புக்குள்ள அடக்கி வைச்சிருக்கிறாள் எண்டெல்லோ நினைச்சன்."

கடைவாயை நாங்கள் கொடுப்பு என்போம். அந்தக் கொடுப்பில் ஒரு பல் சூத்தையாகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து முன்பே ஒரு துண்டுக் கடிதம் வந்திருந்தது. பல் பரிசோதிக்க வந்த தாதி பெரிய சாந்துப் பல்லையும் முழங்கை நீளப் பிரஷையும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து மகள் எங்கள் இருவரையும் வரிசையில் நிறுத்தி, "மேல் பல்லுக்கு மேலயிருந்து கீழ, கீழ்ப் பல்லுக்குக் கீழயிருந்து மேல" என்று படிப்பித்தாள். நாங்கள் சிரித்தோம். துண்டை நான் கலண்டருக்குப் பின்னால் செருகினேன். பாற்பல்தானே, விழப்போகிற பல்லுக்கு என்ன வைத்தியம் என்று நினைத்தேன். நான் பெரிதாகப் படித்தவனில்லை. கொழும்பில், புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் நிற்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வெளிக்கிட முன் சாமிப் படத்தட்டுக்கு முன்னால் நின்றேன். "பிள்ளையாரே, என் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றும் வரக்கூடாது. நூற்றெட்டு மோதகம் அவித்துப் படைக்கிறேன்" என்று நேர்ந்தேன்.

நானும் மகளும் ஏறிய ஓட்டோ, காலி நகருக்குப் போகிற வீதியில் தெஹிவளைப் பக்கம் போனது. சந்துக்குச் சந்து கடல் தெரிந்து மறைந்தது. வேறு நாளென்றால் மகள் "ஒரு கடல், ரெண்டு கடல்" என்று எண்ணிக்கொண்டு வருவாள். அன்று எண்ணவில்லை. கடையில் ஒருவர் எப்போதோ சொன்னது எனக்கு நினைவு வந்தது. பல்லில் தொடங்கிய வீக்கம் தலைக்கு ஏறி அவருடைய உறவுக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்த நினைவு வந்தபின் நான் அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று.

பல் வைத்தியரின் வாசலில் வாங்குப் பலகையில் இருந்தோம். சுவரில் அழுகிற முகத்தோடு கீறிய ஒரு பல்லின் படம். அதைப் பார்த்துவிட்டு மகள் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, பிள்ளையாருக்கு ஏன் ஒரு கொம்பு உடைஞ்சது? மோதகம் சாப்பிட்டோ?"

இப்போதுதான் அவருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். "அப்பிடிக் கதைக்கக் கூடாது" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் கேட்டது பகிடிக்கு இல்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வைத்தியர் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண். "வாங்க மகள், வாயத் தொறங்க பாப்பம்" என்று விளக்கைத் திருப்பினார். சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எத்தின நாளா நோவு?"

"நோகேல்லையாம், டொக்டர்."

"இது நோகாம இருக்க ஏலாதே. இனிப்புக் கூடக் குடுக்கிறீங்களா?"

"இல்லை டொக்டர். டொஃபி, சொக்லட் ஒண்டும் நாங்கள் வீட்டில வாங்கிறதில்லை." அந்த நேரத்திலும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"பல்லு வேற கத சொல்லுதே" என்றவர், மகள் பக்கம் குனிந்தார். "பல்லுத் தீட்டின பொறகு என்ன தின்னுவீங்க, மகள்?"

அவள் என்னைப் பார்த்தாள். வைத்தியருக்கு அவள் பயப்படவில்லை. எனக்குத்தான் பயந்தாள்.

"சாமிக் கற்கண்டு."

எங்கள் வீட்டில் அந்திக்கு விளக்கு வைத்துத் தேவாரம் படிப்போம். கழுவாத வாயால் தேவாரம் படிக்கக் கூடாது என்று, அதற்கு முன்னமே சாப்பிட்டுப் பல் தீட்டிவிடுவாள். கும்பிட்டு முடிய, படைத்த கற்கண்டில் ஒன்றை என் கையாலேயே அவள் வாயில் வைப்பேன். கடிக்காதே, பிரசாதம், மெல்லக் கரைய விடு என்பேன். அவளும் சொன்னபடி கொடுப்புக்குள் வைத்துக்கொண்டே படுத்துவிடுவாள். அதை ஒருநாளும் நான் இனிப்பு என்று நினைத்ததில்லை.

மகள் வைத்தியரின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எனக்கும் கேட்கும்படி சொன்னாள். "பிறகு நோகத் தொடங்கிச்சு. அப்பா காணாமல் துப்பினனான். பென்சில் பெட்டிக்குள்ள கிடக்குது. அப்பாட்டச் சொல்லாதேங்கோ."

ஒரு கிழமையாகப் பென்சில் பெட்டியில் எறும்பு என்று மனைவி பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிரசாதத்தை எறிந்தால் சாமி கோவிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நோகுது என்றால் ஏன் என்று கேட்பேன், கேட்டால் கற்கண்டு வெளியே வரும். அதனால்தான் அவளுக்கு நோகாமல் போனது.

வைத்தியர் கையுறையைக் கழற்றினார். "சாமியப் பத்தி நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா சீனிக்குத் தெரியாதே, அது பிரசாதம் எண்டு."

முதலில் மருந்து, வீக்கம் வற்றியதும் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார். கண் முழுதாக மூடினாலோ விழுங்கக் கஷ்டப்பட்டாலோ ஒரு நிமிஷமும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "பொறத்தால புதுசா ஒண்டு முளைச்சிருக்கு பாருங்க. அது பாற்பல் இல்ல. அது போனா வேற வராது. அதிலயும் கறுப்புத் தொடங்கியிருக்கு. நல்ல வேளை, அடைக்கலாம்."

அன்று அந்திக்கும் விளக்கு வைத்தேன். தட்டை நீட்டினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கற்கண்டுக்கு உள்ளங்கையை நீட்டினாள். நான் நெற்றியில் திருநீற்றை மட்டும் பூசினேன்.

"இனிக் கற்கண்டு இல்லை. கும்பிட்டாப் பிறகு பல்லுத் தீட்டுவம்."

"சாமி கோவிக்காதோ?"

"அப்பா சாமிட்டக் கேட்டுச் சொல்லிறன்" என்றேன். கேட்கவும் பயமாக இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம். இருந்தும் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்தபடி நின்று கேட்டேன். விளக்கு எப்போதும் போல எரிந்தது.

மூன்று நாளும் விடிந்ததும் முதல் வேலை அவள் கண்ணைப் பார்ப்பது. மூன்றாம் நாள் கண் முழுதாகத் திறந்திருந்தது. பல்லைப் பிடுங்கும்போது என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். நோகுது என்று சத்தம் போட்டுச் சொல்லட்டும்.

பின்புறத்துப் பல்லை அடைத்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் நேர்த்தியைச் செலுத்தினோம். எல்லோரும் மோதகம் சாப்பிட்டார்கள். அவளும் ஒன்று சாப்பிட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே குழாயடிக்குப் போய், கோயில் முழுதும் கேட்கக் கொப்பளித்தாள். சனம் திரும்பிப் பார்த்தது.

ஈரச் சட்டையோடு ஓடிவந்து உதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"அப்பா, முன்பல்லு ஆடுது. கொஞ்சம் நோகுது."

நான் குனிந்தேன்.

"எங்க, காட்டு பாப்பம்."