விதைக்கூடையைத் திறந்த ரீல்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது இது. ஜவ்வாது மலையில் காவலூருக்கு அப்பால், பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் எட்டிப் பார்க்கிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது திருப்பத்தூரில். கல்யாணமாகி மலைக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். சாமை, தேன், புளி, கடுக்காய் என்று மலையில் கிடைப்பதை வாங்கி, பாக்கெட் போட்டு விற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். மற்ற ஆறு நாளும் கடையில் நான் உண்டு, ஈ உண்டு.

வெறுத்துப் போய்தான், சிறு தொழில் செய்கிறவர்களுக்கான டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஒரு இலவச ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில் இருக்கிற பாறை மேல் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். குடையைப் பிடித்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்து பதினைந்து நாள் பாடம் கேட்டேன். "இன்னா, கலெக்டர் ஆபீஸ் தொறந்தாச்சா?" என்று என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திக் கிண்டல் செய்துவிட்டுப் போவார்.

வகுப்பில் சொன்னதில் எனக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது இரண்டே விஷயம். பொருள் யார் கையிலிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். 'கொஞ்சம்தான் இருக்கிறது, முந்துங்கள்' என்று சொல்ல வேண்டும். ஒரு பேஜ் ஆரம்பித்து, சாமையைக் கையில் அள்ளி விடுகிற மாதிரி ரீல்ஸ் போட்டேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஆர்டர் வர ஆரம்பித்தது. சென்னை, ஓசூர், பெங்களூர்! பாறை மேல் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பத்தே நாளில் இருந்த சாமை எல்லாம் தீர்ந்தது. கார்த்திகையில் அறுத்த சாமை, வைகாசியில் ஊரில் யார் வீட்டில் மிச்சம் இருக்கும்? இன்னும் பன்னிரண்டு பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 'ஸ்டாக் இல்லை' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. அதற்குள் ஒருவர், 'இது ஃபேக் பேஜ் போல' என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யாரைப் பார்த்து ஃபேக் என்கிறாய் என்று பொங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

எதிர் வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லையும், மலைக்குக் கீழே விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற ஒரே மகளும்தான் அவருக்கு எல்லாம். அந்தக் கொல்லையில் விளையும் சாமையில்தான் அடுப்பும் எரிந்தது, மகள் படிப்பும் ஓடியது. மலைக்கு வந்த புதிதில், இங்கே யாரையும் தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தபோது களி கிண்டிக் கொடுத்தவர் அவர்தான். என் பேச்சை அவர் தட்ட மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அவர் வீட்டுப் பரணில் விதைக்கூடை இருந்தது. மூங்கில் கூடைக்கு உள்ளும் புறமும் சாணி மெழுகி, சாம்பல் கலந்த சாமையைக் கொட்டி, நொச்சித் தழையைப் பரப்பி, வாயையும் மெழுகி மூடியிருப்பார்கள். விதைக்கிற நாளில் தலைக்குக் குளித்து, கும்பிட்ட பிறகுதான் அதைத் திறப்பார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளில்கூட அந்தப் பக்கம் கை போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணில் அந்தப் பன்னிரண்டு ஆர்டர்தான் நின்றது.

"வெதையவா கேக்குற பாப்பா?" என்றார் அக்கா. கோபமில்லை, திகைப்புதான்.

"விதைதானேக்கா, திருப்பத்தூர் கடையில கிடைக்கும். ஆடிக்கு முன்னாடி நானே வாங்கியாந்து தர்றேன். உங்க பொண்ணுக்கும் காலேஜுக்குக் கட்டணும்ல?" என்றேன்.

மூன்று தடவை கேட்டார். "நெசமா வாங்கியாந்துடுவியா?" மூன்று தடவையும் தலையாட்டினேன். மகள் பெயரை இழுத்திருக்க வேண்டாம். அதுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டேனா? அவர் கூடையை இறக்கி, மெழுகிய வாயைக் கல்லால் தட்டி உடைத்தபோது நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'விதைக்கென்று வைத்த சாமை, உங்களுக்காக' என்று எழுதி ரீல்ஸ் போட்டேன். நான் போட்டதிலேயே அதைத்தான் அத்தனை பேர் பார்த்தார்கள்.

கூடையில் பத்து கிலோ இருந்தது. ஒன்பது கிலோவை மில்லில் கொடுத்து உமி நீக்கி, பதினோரு பாக்கெட் போட்டேன். கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா, வீட்டில் வளர்க்கும் கிளிக் குஞ்சுகளுக்கென்று உமியோடு ஒரு கிலோ கேட்டிருந்தார். அவருக்கு அப்படியே அனுப்பினேன். பன்னிரண்டு பேரும் நட்சத்திரம் போட்டார்கள். ஃபேக் என்றவருக்கு நறுக்கென்று ஒரு பதிலும் போட்டேன்.

ஆடி பிறக்கும் முன் சொன்னபடி திருப்பத்தூர் போய் விதை வாங்கி வந்தேன். சாமை விதை என்றுதான் கொடுத்தார்கள், சாமைதான் முளைத்தது. அக்கா முளையைப் பார்த்ததும் இலையைத் தடவிக்கொண்டே, "வேற மாதிரி கீதே" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அது சீக்கிரம் விளைகிற ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்கவும் தோன்றவில்லை. சீக்கிரம் விளைந்தால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

புரட்டாசியில் சுற்றியுள்ள கொல்லைகள் எல்லாம் பச்சையாக நிற்க, அக்காவின் கொல்லை மட்டும் பழுத்தது. குருவிகள் இறங்கின. பத்து இருபது இல்லை, வானம் கறுக்கிற அளவுக்கு. அக்கா விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தினார். நானும் போய்க் கத்தினேன். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் உட்காரும். ஆறாவது நாள் அவருக்குக் கத்தக் குரல் எழும்பவில்லை. தகரத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"எல்லார் கொல்லையும் பச்சையா கீது. என்னுது மட்டும் பழுத்துச்சு. குருவி வேற எங்க பாப்பா போவும்?"

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குருவிக்குப் பரிந்து பேசினார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அறுவடை என்று மிஞ்சியது மணி இல்லாத வெறும் தட்டைதான். நஷ்டத்துக்கென்று நான் கொண்டுபோன பணத்தை அவர் கையால் தொடவில்லை. ஊரில் இன்னும் இரண்டு வீட்டில் அந்தப் பழைய விதை இருந்தது. போய்க் கேளுங்கக்கா, நானே வேண்டுமானால் கேட்கிறேன் என்றேன். "எங்க வூட்ல யார் கிட்டயும் வெதை கேட்டதில்ல. எங்க போச்சுன்னு கேட்டா இன்னா சொல்றது? வித்துட்டேன்னா?" என்றார். தையில் மகள் படிப்பை நிறுத்திவிட்டு வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருடம்தான், மறுபடி படிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் பஸ் ஏறிய அன்று பாறைக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன். உமி நீக்கியது முளைக்காது, உமியோடு யாரிடமாவது ஒரு பிடி இருக்குமா என்று கேட்டேன். பாதிப் பேர் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சிலர் அழுகிற பொம்மை போட்டார்கள். ஒருவர், 'அடுத்த ஸ்டாக் எப்போது?' என்று கேட்டார்.

கும்பகோணத்து அம்மா மட்டும் போன் செய்தார். குஞ்சுகள் பிழைக்கவில்லையாம். தூக்கிப் போட மனசு வராமல் பாக்கெட்டை வைத்திருந்தாராம். "என்னோடது போயிடுச்சும்மா, அவங்களுதாவது முளைக்கட்டும்" என்று சொல்லி, என்னிடம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பினார். அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்த அம்மாவின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தேன். பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஊதி, சாம்பல் இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். "எங்க வூட்டுதுதான்" என்றார். அப்புறம் வீட்டுக்குள் போய்விட்டார். அந்த ஆடியில் கொல்லையின் ஒரு மூலையில் மட்டும் விதைத்து, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டிக் காவல் இருந்தார். விளைந்ததில் ஒரு மணியைக்கூட உலையில் போடவில்லை, எல்லாம் விதைக்குத்தான். போன வருடம்தான் ஒன்றரை ஏக்கரும் பழையபடி சாமை ஆனது. மகள் இன்னும் ஷூ கம்பெனியில்தான் இருக்கிறாள். படிப்பைப் பற்றி இப்போது அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த ரீல்ஸை நான் அழித்துவிட்டேன். ஆனால் வேறு யார் யாரோ எடுத்துப் போட்டது இன்னும் சுற்றுகிறது. அதில் அக்கா கூடையை உடைப்பதும், கீழே கைதட்டல் பொம்மைகளும் அப்படியே இருக்கின்றன.

போன கார்த்திகையில் அறுவடை முடிந்ததும் அக்கா சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனார். கீழேயிருந்து வருகிற வியாபாரியிடம் போடத்தான்; அவர் என்னைவிடக் குறைத்துத்தான் எடுப்பார், அது அக்காவுக்கும் தெரியும். "சாப்டியா பாப்பா?" என்று எப்போதும் போல வாஞ்சையாகக் கேட்டுவிட்டு, நிற்காமல் போனார். கடை இப்போதும் நடக்கிறது, பேஜும் இருக்கிறது, ஆர்டரும் வருகிறது; ஆனால் உலகத்துக்கே விற்கக் கற்றுக்கொண்ட எனக்கு, எதிர் வீட்டு அக்கா ஒரு படி சாமையைக்கூட நம்பித் தருவதில்லை, அது நியாயம்தான் என்று நான் தினமும் கடையைத் திறக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.