பன்னிரண்டாம் ஃபிரெட்டும் என் கட்டைவிரலும்

கிட்டார் ரிப்பேர் என்பது பாதி நேரம் பசை காயக் காத்திருப்பது, மீதி நேரம் ஏன் இன்னும் காயவில்லை என்று வந்தவருக்குப் பதில் சொல்வது. வீட்டில் எதையாவது ஒட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள் என்றால், என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பாம்பனில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கடல். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு, மாலையிலும் விடுமுறையிலும் அடுப்படி மேசையில் ரிப்பேர். என்னிடம் வரும் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் ஒரே நோய்தான். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டைக்கு ஃபிரெட் என்று பெயர். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அதன் முனை பலகையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். தந்தி அதில் உரசி வண்டு மாதிரி இரையும். முனையைத் தட்டி இறக்கி, அடியில் பசை விட்டு, மேலே ஒரு கேரம் காயை வைத்து, கிளாம்ப் என்ற திருகுப்பிடியைப் போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ரயில் பாலத்தில் மெதுவாக ஊர்ந்து போகும் சத்தம் கேட்கும். அலை ஒரே அளவில் வந்து போகும். எனக்குக் கண் செருகிவிடும். பசை காய்கிறதா, நான் கரைகிறேனா என்று சில நாள் தெரியாது.

கருவாட்டுப் பந்தலில் ஒரு கிட்டார்

ஆட்டோ ஓட்டும் சகாயம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிப்பவர். "ஃபிரெட் முனை எழும்பியிருக்கு, எல்லாம் ஈரத்தால் வந்த வினை" என்று ஒருமுறை அவரிடம் சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கழித்து கிட்டாரைக் கொண்டுவந்தார். அவர் படியேறுவதற்கு முன்பே வாசனை ஏறிவிட்டது. தெருப் பூனை இரண்டும் பின்னாலேயே வந்தன. முனை இறங்கவில்லை, பலகை காய்ந்து சுருங்கி இன்னும் நாலு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்தீர்கள் என்று கத்தியே விட்டேன். சகாயம் அசரவில்லை.

"ஈரம்னு நீங்கதானே சொன்னீக டீச்சர்? ஈரம் போகணும்னா எங்க தெருவுல மீன் காயுற இடத்துலதான் காயப் போடுவோம். வேற எங்கன போடச் சொல்றீக?"

நித்திரைப் பாட்டு

சுகந்தியை அழைத்து வந்ததும் சகாயம்தான். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் இலங்கைப் பெண். கையில் பழைய கிட்டார். அது அவள் அப்பாவுடையது. அவர் சில வருஷத்துக்கு முன்னால் மன்னாருக்குத் திரும்பிவிட்டார். இவள் இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டாள். அப்பாவுக்கு இப்போது நெஞ்சில் ஆபரேஷன். அதற்குப் போவதற்கு முன்னால் போனில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்.

வாங்கித் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் முனை நன்றாகவே தூக்கியிருந்தது. மெல்லிய தந்தியில் எந்த ஸ்வரம் வாசித்தாலும் இரைச்சல். அது வாடைக்காற்றுக் காலம், தூறல் வேறு, பசை லேசில் காயாது. வேறு கிட்டார் தரட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சின்னனில அப்பா இதிலதான் வாசிச்சு என்னை நித்திரையாக்குவார், அக்கா. இப்ப அவருக்குப் பயத்தில நித்திரை இல்லையாம். என்னை வாசிக்கட்டாம்."

வள்ளத்து வைத்தியம்

முதல் தடவை வைத்த பசை பிடிக்கவில்லை. கிளாம்பைக் கழற்றியதும் முனை மெல்ல எழுந்து என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ரெசின் டப்பாவோடு நின்றிருந்தார். வள்ளத்தில் ஓட்டையை அடைக்கிற அதே ரெசின். கிட்டாரை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இதை ஊற்றினால் ஃபிரெட் பலகையோடு சேர்ந்து பாறையாகிவிடும், அப்புறம் யாராலும் பிடுங்க முடியாது என்று சொன்னேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஒட்டுறதே பிடுங்காம இருக்கத்தானே? நீ பிடுங்குறதுக்கா ஒட்டுற?"

கிளாம்ப்

அன்று காலை இரண்டாம் முறை பசை வைத்தேன். மதியம் சுகந்தி ஓடி வந்தாள். ஆபரேஷனை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம், அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேன் வாசலில் நிற்கிறதாம். அவள் கையில் இருந்த போனில் அவர் காத்திருந்தார்.

பசை ஈரமாகவே இருந்தது. கிளாம்பை எடுத்தால் முனை எழும்பும், எடுக்காவிட்டால் வாசிக்க முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எடுத்தேன். சுருதி சேர்த்துக் கொடுத்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் தரையில் மண்டியிட்டு, அந்த முனையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் அசைந்தாலும் விரல் தந்தியில் பட்டுவிடும். அதனால் மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

அவள் வாசித்தாள். இரைச்சல் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் என் நகத்துக்குள் நடுங்கிவிட்டுப் பின்கதவு வழியாகக் கடலுக்குப் போனது. தூறலா, அலையா, பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. அந்த மதியம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. சின்னப் பாட்டுதான், ஆனால் முடியவே கூடாது என்று நினைத்தேன். முடிந்ததும் என்னையறியாமல் பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. பெருமூச்சு விட்டது யார் என்று போனில் அப்பா கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு ஃபிரெட்டைப் பிடித்திருந்த அக்கா என்று சுகந்தி சொன்னாள்.

"அவவை மூச்சு விடச் சொல்லு, பிள்ளை. நான் போயிட்டு வாறன்."

பிடித்துக்கொண்டது

அவள் போனதும் கிளாம்பை மறுபடி போட்டேன். நாலைந்து நாளாக நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை, மணி அடித்தாலே கெட்ட சேதியோ என்று தோன்றியது. தூறல் நின்று வெயில் வந்தது. முனை அசையாமல் பிடித்துக்கொண்டது. கிட்டாரை வாங்க வந்த சுகந்தி போனை என் காதில் வைத்தாள். களைத்துப்போன, ஆனால் சிரிக்கிற குரல்.

"பிள்ளை, இப்ப மூச்சு விடுறீங்களோ?"

கிளாம்ப் வாங்கப் போகிறவர்கள், அது எவ்வளவு இறுக்கும் என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு நேரம் மூச்சை அடக்கும் என்றும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.