மெட்டி இல்லாத விரல்களோடு வடக்குக் கடலுக்கு

முதல் மருந்தேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், இட்லி மாவை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாத்திரத்தைத் தொட்டதும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது. பாத்திரம் தரையில், மாவு என் சேலையில். என் வீட்டுக்காரர் ஓடிவந்து முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்தார்.

"கரண்டு லீக் ஆவுதுளா, தொடாத!" என்று கத்தினார். எலெக்ட்ரீசியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. கோளாறு என்னிடம்தான் இருந்தது.

எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் அதையும் ஒழிக்கக் கீமோ (புற்று செல்களை அழிக்க ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து) கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த மருந்து நரம்புகளைக் கிளறிவிடும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசியாகக் குத்தும், குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகும். நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். பயத்தில் இருந்த காதில் பாதிதான் ஏறியிருக்கிறது.

இதே மருந்து ஏறிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ஜோடி கையுறையைத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த யோசனை அவருடையது. மும்பை தாராவியில் மாவு மில் நடத்துகிறவர். சமையலறைப் பக்கம் சாப்பிட மட்டும் வந்துகொண்டிருந்தவர். மருந்து ஏறிய ஆறு மாதமும் ஃப்ரிட்ஜைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பாயிற்று. பல் துலக்கும் தண்ணீரைக்கூடச் சுடவைத்துத் தருவார். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனால், மீன்காரியின் ஐஸ் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் அவர்தான் நடப்பார்.

மருந்து ஏறும் நாட்களில் ஆஸ்பத்திரி நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனில் மகள் அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பேன். செல்வி ஒரு பயணக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறாள். அந்தக் கப்பல் நார்வேயின் வடக்குக் கரையோரம் போகும். பனி மூடிய மலைகள், அவற்றின் இடுக்கில் நுழைந்து கிடக்கும் கடல், கேட்பாரற்று விழும் அருவிகள். எல்லாக் குளிரும் என்னைக் குத்திய காலத்தில் அந்தக் குளிர் ஒன்றுதான் குத்தவில்லை. அங்கே போய் நிற்க வேண்டும் என்ற ஆசை அந்த நாற்காலியில்தான் பிறந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சிகிச்சை முடிந்து ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்தபின் செல்வி அழைத்தாள். கப்பலில் வேலை செய்பவர்களின் பெற்றோர் ஒருமுறை உடன் பயணம் செய்யலாமாம்.

"அம்மா, இந்த சால் வந்துருங்க. அடுத்த சால் என் கான்ட்ராக்ட் கதம். அப்புறம் சான்ஸே கெடையாது." வருஷத்தை சால் என்றும் முடிவதைக் கதம் என்றும் சொல்லும் மும்பைத் தமிழ் அவளுடையது.

பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்ததும் கேலிக்குக் குறைவில்லை. "ஃப்ரிட்ஜத் தொட மாட்டா, பனிமலையத் தொடப் போறாளாம்!" நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் குத்தல் அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. காலையில் குழாய்த் தண்ணீர், அடுத்த வாரம் பானைத் தண்ணீர், பிறகு கையுறையில்லாமல் மாவுப் பாத்திரம் என்று பழகினேன். நான் வேலை பார்க்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுப்பதுபோல என் விரல்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குர்லாவில் ஸ்வெட்டர் வாங்கினோம். அவர் மங்கி கேப் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றது ஏடிஎம் திருடனைப் போலிருந்தது.

கைகள் தேறின. பாதங்கள் வேறு வழியில் போயின. அங்கே வலியும் இல்லை, உணர்வும் இல்லை. செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. டாக்டர் இதைப் புற நரம்புப் பாதிப்பு (கை கால் நுனிகளுக்குப் போகும் நரம்புகள் மருந்தால் நலிவது) என்றார். தேறினாலும் மெதுவாகத்தான் தேறும். முழுவதும் தேறாமலும் போகலாம்.

குளிருக்குப் போகிற கால்களைச் சூடாக வைத்துப் பழக்குவோம் என்று ஒரு வெந்நீர்ப் பையை வாங்கினோம். ஒரு மத்தியானம் அதன்மேல் பாதத்தை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து நடந்தபோதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தரையில் ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் குனிந்தார். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம், உடைந்திருந்தது. நான் அழுதது காயத்துக்காக அல்ல. கப்பல் போய்விட்டது என்று நினைத்தேன்.

டாக்டர் காயத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"குளிர் உங்களுக்கு வலித்தால் எனக்குக் கவலையில்லை. உள்ளே ஓடிவந்துவிடுவீர்கள். வலிக்காது என்பதால்தான் யோசிக்கிறேன்."

மூன்று வாரத்தில் புண் ஆறினால் போகலாம் என்றார். ஒரு சைஸ் பெரிய ஷூ, இறுக்காத கம்பளிக் காலுறை. வெந்நீர்ப் பையைத் தொடவே கூடாது. காலையும் மாலையும் யாராவது பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அடிப்பக்கத்தையும் விரல் இடுக்குகளையும். கடைசியாக என் கால்விரல்களைக் காட்டி, "இந்த மெட்டிகளைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் வளையம் இறுகும், உங்களுக்குத் தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வரும்வரை கால்விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்தன்று ஏறிய மெட்டி. ஆபரேஷன் தியேட்டரில்கூடப் பிளாஸ்திரி சுற்றி விட்டுவைத்தார்கள். புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? படித்தவள்தான், பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

"நான் குத்துக்கல்லு கணக்கா முன்னாடி இருக்கேன். நீ எதுக்குளா மருகுத?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்தார். நான் வெடுக்கென்று இழுத்தேன்.

"என்னங்க இது! நீங்க என் காலத் தொட்டா எனக்குத்தாம் பாவம்."

"அம்மில வச்சுப் பிடிச்சேம்லா, அன்னைக்கு வராத பாவமா இன்னைக்கு வரப்போவுது? காலக் குடு."

தேங்காயெண்ணெய் தடவி, மெல்லத் திருகித் திருகிக் கழற்றினார். அடியில் தோல் வெளுத்துப் பள்ளமாக இருந்தது. இரண்டு மெட்டிகளையும் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் மூக்குக் கண்ணாடியை மாட்டி, போன் டார்ச்சை அடித்து, என் பாதங்களைப் படிப்பார். மில்லில் கூட்டமாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். பாண்டுப்பிலிருந்து வந்த அவர் அக்கா என் வெறும் விரல்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அக்கா, அது இங்கனதாம் கெடக்கு" என்று இவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அக்கா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். இந்த மனிதரை இத்தனை வருஷம் சரியாகப் பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. நோய் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

புண் ஆறியது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "போய் வாருங்கள்" என்றார்.

கப்பலின் மேல்தளத்தில் முதல் காலை. இருபுறமும் கறுத்த பாறைச்சுவர், உச்சியில் பனி, நடுவே அசையாத பச்சைத் தண்ணீர். வீடியோவில் இதன் உயரம் வரவே இல்லை. தொண்டை இறுகிவிடுமோ என்று சால்வையால் வாயை மூடியிருந்தேன். ஒரு அருவி பக்கத்தில் வந்தபோது மறந்துபோய் வாய் பிளந்துவிட்டேன். குளிர்காற்று நேராக உள்ளே போனது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் இழுத்தேன். வயிறு நிறையக் குடித்தேன் அந்தக் காற்றை.

"கால் எப்படி இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு என்ன தெரியும்? கீழ போயி நீங்க பாத்துச் சொல்லுங்க."

அறையில் அவர் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. செல்வி, சீருடையில், துண்டுகளோடு. அப்பாவின் மடியில் அம்மாவின் கால். துண்டுகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள்.

ஊர் திரும்பியபின், தளர்வாக இருந்தால் மெட்டியைப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சம்மதித்தார். என் வீட்டுக்காரரே வளையத்தை விரித்துப் போட்டுவிட்டார். கல்யாணத்தன்று ஓமப்புகையில் கண் எரிந்து நான் எதையும் பார்க்கவில்லை. விரலில் ஏதோ இழுத்ததும், அழுந்தியதும் மட்டும்தான் நினைவு. இந்த முறை இழுத்ததும் தெரியவில்லை, அழுந்தியதும் தெரியவில்லை. இப்போதெல்லாம் காலையும் மாலையும் என் கால்கள் இருப்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் மெட்டி ஏறியது. இரண்டாவதும் ஏறியது.