ஐஸுக்குப் போர்த்திய ஸ்வெட்டர்

சுனாமி வந்த மறுவாரமே மரக்காணத்தை அடுத்த அந்த மீனவர் குப்பத்தில் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. பாதிக்கு மேல் கம்பளி. பனி கொட்டும் எந்த ஊர்ப் புண்ணியவான் கொடுத்ததோ, தை மாதத்திலும் வேர்த்து வடிகிற ஜனங்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோட்டோரக் குவியலில் ஆடுகள்தான் சுகமாகப் படுத்தன.

பவுனு அதிலிருந்து ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்தாள். வாட்டசாட்டமான ஆளுக்குக் கையால் பின்னியது. தகரக் கொட்டகையில் தலைக்கு வைத்துக்கொள்ளத்தான் எடுத்தாள். ஏழு வயது மகள் தமிழ்மொழியை அலை கொண்டுபோயிருந்தது. கணவன் வீரமுத்து அதற்குப் பிறகு கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். பவுனுக்கும் அப்படிப் படுத்துவிட ஆசைதான். அடுப்பு எரிய வேண்டுமே.

மீன் வாங்கித் திண்டிவனத்தில் விற்கப் போனாள். ஐஸ் வழியிலேயே உருகி பஸ்சுக்குள் ஓடியது. கண்டக்டர் சீனுவாசன் இரண்டு முறை நடுவழியில் இறக்கிவிட்டார். மூன்றாம் முறை ஐஸைச் சுற்றக் கோணிச் சாக்கு கிடைக்காமல் ஸ்வெட்டரைச் சுற்றினாள். பக்கத்துக் கொட்டகைப் பரிமளா சிரித்தாள்.

"இன்னாக்கா, ஐஸுக்குக் குளுருதா? கம்பளி சுத்துனா ஜல்தியா உருகிடப் போவுது."

உருகவில்லை. திண்டிவனம் போயும் கட்டியாகவே இருந்தது. வெளிச்சூட்டையும் கம்பளி உள்ளே விடாது என்று பவுனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஈரக் கம்பளியும் மீனும் சேர்ந்த நாற்றத்தில் பஸ்சே மூக்கைப் பிடித்தது. "நாளைக்கும் இதே நாத்தத்தோட வந்தீன்னா ஏத்த மாட்டேன், சொல்ட்டேன்," என்றார் சீனுவாசன். சந்தை நேரத்துக்குப் போகிற பஸ் அது ஒன்றுதான்.

வீடு வந்த களைப்போடு சலவை சோடா போட்டு ஸ்வெட்டரைக் கொதிக்கவிட்டாள். கழியால் புரட்டிப் புரட்டி அடித்தாள். நாற்றம் போனது. எடுத்து உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பளி சுருங்கித் தடித்து, ஏழு வயதுப் பிள்ளையின் அளவுக்கு வந்திருந்தது.

வீரமுத்து திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இத்த ஐஸுக்கு எடுத்துக்கினு போவாத, பவுனு."

"அப்ப சோத்துக்கு?" என்றாள் அவள். அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் சாக்கு தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஐஸையும் மீனையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்வெட்டரின் கழுத்து வழியே உள்ளே இறக்கினாள்.

பஸ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. சீனுவாசனுக்கே ஆச்சரியம். "அவ்ளோ வெயிட்ட மடில வச்சிக்கினு இன்னாத்துக்கும்மா கஷ்டப்படுற? சீட்டுக்குக் கீழ தள்ளு," என்றார்.

பவுனுக்குத் தொடை இரண்டும் மரத்துப் போயிருந்தன. "இருக்கட்டும்ங்க," என்றாள். "மடியிலயே வரட்டும்."