டிப்பர் முன்னால் ஒரு செல்ஃபி

அரியலூர் சிமென்ட் ஆலையொன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என் சேமிப்பை முன்பணமாகக் கட்டினால் பழைய டிப்பர் லாரி ஒன்று என் பெயருக்கு மாறும், தவணை போக மாதாமாதம் வாடகை வரும் என்றார் ஒரு தரகர். சுண்ணாம்புக்கல் சுரங்கச் சாலையில் நின்ற வண்டியைக் காட்டி, "இனிமே இது உங்க வண்டிங்க" என்றார். மறுநாள் பணம் தருவதாகச் சொன்னேன். அவர் போனதும், மகிழ்ச்சி தாங்காமல் வண்டி முன் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

உடனே பெரம்பலூரிலிருந்து தோழி செல்வி அழைத்தாள்.

"ஏன்டி, என் வண்டி முன்னாடி நின்னு பல்லக் காட்டுற?"

அதே தரகர், அதே நம்பர் பிளேட். அவளும் மறுநாள்தான் பணம் கட்ட இருந்தாள்.

இருவர் பணமும் இப்போது அஞ்சலக வைப்பில் இருக்கிறது. வட்டி கொஞ்சம்தான். யாராவது பெரிய லாபம் சொன்னால், பணம் எடுக்கும் முன்பே ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறேன்.